தையல் ஆறிவிட்டது, வலி மட்டும் போகவில்லை

காவிரிக்கரை (திருச்சி) கேட்டது:

இதை எழுதி இரண்டு முறை அழித்துவிட்டேன். இது மூன்றாவது முறை. பாப்பா தூங்குகிறாள், அவர் இரவு ஷிஃப்டில் இருக்கிறார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்கு 29 வயது. வங்கியில் கவுன்டர் வேலை. போன ஐப்பசியில் சுகப்பிரசவம். எந்த மகராசன் அதற்கு அப்படிப் பெயர் வைத்தானோ தெரியவில்லை. வெட்டு போட்டுத் தையல் போட்டார்கள். எத்தனை தையல் என்று கேட்டதற்கு, "அதையெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்க மாட்டோம்மா" என்றார் நர்ஸ். அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். லேகியம், பூண்டுக் குழம்பு, பழைய பருத்திப் புடவையை வயிற்றில் இறுக்கிக் கட்டுவது எல்லாம் முறைப்படி நடந்தது. தையலும் ஆறிவிட்டது.

திருச்சிக்குத் திரும்பி வந்து நாலாவது மாதம் முதல் தடவையாக உறவுக்கு முயன்றோம். வாசலிலேயே பிளேடால் கீறியது போல் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்துவிட்டார். அதற்கப்புறம் ஐந்தாறு தடவை முயன்றிருப்போம், ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட மோசம். இப்போது பத்து மாதம் முடிந்துவிட்டது. அவர் சும்மா தோளில் கை வைத்தாலே என் தொடை இரண்டும் தானாக ஒட்டிக்கொள்கின்றன. அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். போன மாதம் நானே "பாப்பா நடுவுல படுக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று தலையணையை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிரசவம் பார்த்த இடத்திலேயே போய்க் கேட்டேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். தையலைப் பார்த்துவிட்டு, "அழகா ஆறியிருக்கு, நீங்கதான் ரிலாக்ஸா இருக்கணும்" என்று அனுப்பிவிட்டார்கள். யூடியூபில் பார்த்து கெகல் பயிற்சி செய்கிறேன், அதாவது கீழே இருக்கும் தசையை இறுக்கி இறுக்கி விடுவது. தினம் நூறு, மூன்று மாதமாக விடாமல். குறைந்ததாகத் தெரியவில்லை, கூடியது போலத்தான் இருக்கிறது. சிறுநீர் கழிக்க உட்கார்ந்தாலும் உடனே வருவதில்லை, கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். மாதவிலக்கு வரவில்லை.

இது தையல் பிரச்சினையா, என் மனசுப் பிரச்சினையா? யாரிடம் போய்க் காட்ட வேண்டும்?


வெற்றிலைக்கொடி:

கண்ணு, முதல் வருடம் எல்லோருக்கும் அப்படித்தான். எனக்கு இரண்டு பிரசவத்திலும் இருந்தது, தானாகச் சரியாகிவிட்டது. கெகலை விடாமல் செய். உறவுக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். பாப்பாவை மட்டும் நடுவில் போடாதே, அது பழகிவிடும்.


கோவை பிசியோ:

பெண்களுக்கான இடுப்புத்தளப் பிசியோதெரபிதான் என் வேலை. இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவையாவது என் மேசைக்கு வருகிறது, ஆள்தான் வேறு.

முதலில், கெகலை இன்றைக்கே நிறுத்துங்கள். வெற்றிலைக்கொடி அக்கா நல்ல மனசோடுதான் சொல்கிறார், அவர் உடம்புக்கு அது ஒத்து வந்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கதை நேரெதிராகத் தெரிகிறது.

முன்னால் இருக்கும் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டியது போலத் தசைகள் இருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குவது அந்தத் தூளிதான், அதைத்தான் இடுப்புத்தளம் என்கிறோம். பிரசவத்தில் அது தொய்ந்துபோனால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும், ஏதோ கீழே இறங்குவது போல் கனக்கும், உறவில் உணர்ச்சியும் குறையும். கெகல் அதற்கானது. 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல் அந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோதும் இப்படித் தொய்ந்துபோன தசைகளை மனதில் வைத்துத்தான் எழுதினார்.

சிலருக்கு அந்தத் தசைகள் தொய்வதற்குப் பதிலாக முஷ்டி பிடித்தது போல இறுகிவிடும். உறவின்போது விட்டுக்கொடுக்க வேண்டிய தசை விட்டுக்கொடுக்காது. நுழையும் இடத்தில் கீறுவது, எரிவது, சிறுநீர் தயங்கித் தயங்கி வருவது, மலச்சிக்கல், உட்கார்ந்தால் வால் எலும்பில் வலி எல்லாம் இந்த வகையில் வரும். ஏற்கெனவே முஷ்டி பிடித்திருப்பவரை தினம் இன்னும் நூறு தடவை பிடிக்கச் சொன்னால் என்ன ஆகும்? யோகா வகுப்பில் மூலபந்தம், அஸ்வினி முத்திரை சொல்லிக்கொடுத்தாலும் இப்போதைக்கு வேண்டாம். அதுவும் இறுக்குவதுதான்.

தையலா மனசா என்று கேட்டீர்கள். வெட்டு போட்டது தோலில் மட்டும் இல்லை, அடியில் இருக்கும் தசையிலும்தான். மேலே அழகாக ஆறியிருக்கும், உள்ளே தழும்பு கயிறு மாதிரி இழுத்துக்கொண்டிருக்கும். முதல் தடவை அது வலித்திருக்கிறது. அடுத்த தடவை வலிக்கும் என்று உடம்பு முன்கூட்டியே இறுகியிருக்கிறது. இறுகியதால் இன்னும் வலித்திருக்கிறது. கண் பக்கம் விரலைக் கொண்டுபோனால் இமை மூடிக்கொள்கிறதே, உங்கள் தொடை செய்வதும் அதைத்தான். "ரிலாக்ஸா இரு" என்று சொல்லி இமையைத் திறக்க வைக்க முடியுமா?

அதோடு, பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருக்கும். மாதவிலக்கு நின்ற அம்மாக்களுக்கு இருப்பது போல அந்த இடம் வறண்டு, தோல் மெலிந்து இருக்கும். இதற்கு அங்கேயே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜென் கிரீம் இருக்கிறது. மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும், நீங்களாக மருந்துக்கடையில் வாங்காதீர்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தழும்பை நீவிவிடத் தேங்காய் எண்ணெய் நல்லது. ஆனால் லேடெக்ஸ் ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெய் கூடவே கூடாது, உறை கிழிந்துவிடும். தண்ணீர் சார்ந்த ஜெல் வாங்குங்கள். மாதவிலக்கு வரவில்லை என்பதற்காகக் கரு தங்காது என்று நம்பிவிடவும் வேண்டாம்.

முதலில் வேறொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தொற்று இருக்கிறதா, தையல் இடத்தில் சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடட்டும். ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், காய்ச்சல், காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் இடுப்புத்தளப் பயிற்சி பெற்ற பிசியோவிடம் போங்கள். ஃபோனிலேயே "உள்பரிசோதனை செய்து தசையைப் பார்ப்பீர்களா, நான் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவீர்களா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்பவரிடம் போகலாம். கையுறை போட்டு ஒரு விரலால்தான் பார்ப்போம். முதல் நாளே பார்த்தாக வேண்டும் என்றும் கிடையாது.

ஒரு கேள்வி: கவுன்டரில் இருக்கும்போது சிறுநீரை எவ்வளவு நேரம் அடக்குவீர்கள்?


காவிரிக்கரை:

பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். கிளையில் இருப்பது ஒரே கழிப்பறை, அதன் கதவும் சரியாகச் சாத்தாது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான். அதுவும் ஒரு காரணமா?


கோவை பிசியோ:

தனியாக அது மட்டும் காரணமாக இருக்காது. ஆனால் வருடக்கணக்காக நாலு மணி நேரம் பிடித்துப் பிடித்துப் பழகிய தசைக்கு விடுவது எப்படி என்று மறந்துபோயிருக்கும். துணிக்கடைப் பெண்களிடமும் டீச்சர்களிடமும் இதை நிறையப் பார்க்கிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள், இதுவும் சிகிச்சையில் சேர்த்திதான்.


நெய்க்கிண்ணம் (சென்னை):

தங்கச்சி, என் கதை பிரசவத்துக்கு முன்னாலேயே தொடங்கியது. ஆனால் நீ எழுதிய அந்தத் தொடை சமாச்சாரத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குக் கல்யாணமாகி நாலரை வருடம் உறவே நடக்கவில்லை. ஒரு தடவை கூட இல்லை. சுவரில் மோதியது போல நின்றுவிடும். வெளியே யாருக்கும் தெரியாது. வெளியே தெரிந்ததெல்லாம் "இன்னும் விசேஷம் இல்லையா" மட்டும்தான். மாமியார் திருக்கருகாவூருக்குக் கூட்டிப்போய் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் நெய் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் 48 நாள் ஒழுங்காகச் சாப்பிட்டோம். அம்பாள் பாவம், அவள் மட்டும் என்ன செய்வாள்? என் பெயர்க்காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அப்புறம் கருத்தரிப்பு மையம். ரத்தப் பரிசோதனை, அவருக்கு விந்துப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று. ஸ்கேனை வயிற்றின் மேலேயே எடுக்கச் சொல்லி அழுது சாதித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு ஒரு முறை சேர்கிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. வாரம் இரண்டு என்று என் வீட்டுக்காரர் எழுதினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விந்தை உள்ளே செலுத்தும் சிகிச்சைக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பரிசோதிக்கக் கருவியை எடுத்ததும் நான் மேசையின் தலைமாட்டுக்கே ஏறிவிட்டேன். "இதையே தாங்கலைன்னா பிள்ளை எப்படிப் பெத்துப்பீங்க?" என்று கேட்டார் அந்த மருத்துவர். இன்னொரு இடத்தில் கன்னித்திரை தடிமனாக இருக்கிறது, பத்து நிமிட ஆபரேஷன் என்றார்கள். செய்துகொண்டேன். ஒரு மாற்றமும் இல்லை. திரையா தடுத்தது? பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், 1860களில் மேரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்தான் இப்படித் தசை தானாக இறுகி மூடிக்கொள்வதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர் வைத்தவர், அவரும் வெட்டித்தான் சரிசெய்யப் பார்த்தாராம். நூற்றைம்பது வருடம் கழித்து எனக்கும் அதே வெட்டு.

கடைசியில் ஒரு மனநல மருத்துவர்தான் உட்கார வைத்துக் கதையை முழுசாகக் கேட்டார். அவர் பிசியோவிடம் அனுப்பினார். அந்த அம்மா முதல் நாள் என்னைத் தொடவே இல்லை. ஒரு படம் வரைந்தார். மல்லாக்கப் படுக்கச் சொல்லி என் கையை என் வயிற்றிலேயே வைத்து, மூச்சை இழுக்கும்போது வயிறு உப்ப வேண்டும், அப்போது கீழேயும் மெல்லத் தளரும், அதைக் கவனி என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பிறந்ததிலிருந்து வயிற்றை எக்கிக்கொண்டு வாழ்ந்தவள். அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வாரம் வெறும் மூச்சுதான். அப்புறம் குதிகால் இரண்டையும் சேர்த்து முட்டியை விரித்து உட்காருவது, பாப்பா மாதிரி பாதத்தைப் பிடித்துக்கொண்டு படுப்பது. வீட்டில் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். 31 வயதில் முதல் தடவையாகப் பார்த்தேன். பயந்த அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சி, அப்புறம் என் சுண்டுவிரல். அதற்கும் அப்புறம்தான் டைலேட்டர், உள்ளே வைத்துத் தசையைப் பழக்கும் வழுவழுப்பான குச்சி. சிலிகானில் ஐந்து அளவு, சின்னது சுண்டுவிரல் பருமன். தினம் ராத்திரி ஜெல் தடவி, மூச்சை விட்டபடி, தசை தானாக விடும் வரைக்கும் காத்திருந்து மெல்ல உள்ளே வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விட வேண்டும். தள்ளக் கூடாது. நான் பக்கத்தில் ஃபோனை வைத்து சமையல் வீடியோ பார்ப்பேன். இன்றைக்கும் எங்காவது மைசூர்பாகு கிண்டுவதைப் பார்த்தால் எனக்கு இரண்டாம் நம்பர் டைலேட்டர்தான் நினைவுக்கு வருகிறது. மூன்றாம் நம்பரில் ஐந்து வாரம் அப்படியே நின்றுவிட்டேன். அழுதுகொண்டே போனேன். "இரண்டுக்கே திரும்பிப் போ, யார் துரத்துறா?" என்றார் அந்த அம்மா.

முக்கியமான ஒன்று. சிகிச்சை முடியும் வரைக்கும் உறவுக்கு முயலவே கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தடை போட்டார்கள். தொடலாம், எண்ணெய் தேய்த்துவிடலாம், கட்டிக்கொண்டு தூங்கலாம், அதற்கு மேல் கிடையாது. எத்தனை நிம்மதி தெரியுமா! இது எங்கே போய் முடியுமோ என்ற பயம் இல்லாமல் அவர் கையைப் பிடித்தது கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான். நிச்சயம் ஆனதற்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருந்த அந்த மூன்று மாதம் மாதிரி இருந்தது.

ஏழாவது மாதம் நடந்தது. பெரிய விசேஷமாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் எரிந்தது, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பையனுக்கு இப்போது மூன்று வயது. நெய் வேலை செய்துவிட்டது என்று மாமியார் இன்றைக்கும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை.

ஒன்றே ஒன்று, தங்கச்சி. உன் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். என்னவரும் அப்படித்தான் இருந்தார். பின்னால் கேட்டபோது, "உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன்" என்றார். நாலரை வருடம் அப்படி நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். நீ இன்றைக்கே பேசிவிடு.


லாசப்பேல் தமிழச்சி:

நான் யாழ்ப்பாணம், இப்ப பாரிஸில் இருக்கிறேன். பிள்ளை பிறந்து ஆறு கிழமைக்குப் பிறகு காட்டப் போனபோது, நான் ஒன்றும் கேட்காமலே மருத்துவிச்சி இடுப்புத்தளப் பயிற்சிக்குத் துண்டு எழுதித் தந்தவா. பத்துத் தரம் போகவேணும், அரசாங்கக் காப்புறுதியே காசு கட்டுது. இங்கே பிள்ளை பெற்ற எல்லாருக்கும் அது வழமை, பல் டொக்டரிட்டைப் போய்க் காட்டுகிற மாதிரி. எனக்கு முதல் வெட்கமாய்த்தான் இருந்தது. உறவு எப்படி இருக்கு, நோகுதா என்று அவா கேட்டதும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றேன். கணினித் திரையில் கோடு ஏறி இறங்குகிற ஒரு கருவியும் வைத்துக் காட்டினவா. இறுக்கினால் ஏறும், விட்டால் இறங்கும். நான் விட்டுவிட்டேன் என்று நினைச்சுக்கொண்டு கிடக்கிறேன், கோடு இறங்கவே இல்லை! அதைக் கண்ணால் கண்டபிறகுதான் எனக்கு விளங்கினது. இதைப்பற்றி எங்கட அம்மாவோடு கதைக்க ஏலுமே? பிறகு என்ர தங்கச்சிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.


பெயர் வேண்டாம்:

ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, தப்பாக இருந்தால் நீக்கிவிடுங்கள். இந்தத் தசை எங்களுக்கும் இருக்கிறது. விந்து வெளியேறிய பிறகு அடிவயிற்றிலும் ஆசனவாய்க்கு முன்னாலும் ஒரு நாள் முழுக்க வலி. பிராஸ்டேட் தொற்று என்று மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் மூன்று தடவையும் கிருமி இல்லை. பயத்தில் மனைவியிடமிருந்து விலகிப் படுத்தேன், அவள் வேறு விதமாகச் சந்தேகப்பட்டாள். நாலாவதாகப் பார்த்த சிறுநீரகவியல் மருத்துவர்தான் தசை இறுக்கம் என்று பிசியோவுக்கு அனுப்பினார். மூச்சு, நீட்சிப் பயிற்சி, மணிக்கு ஒரு தடவை நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது. முக்கால்வாசி குறைந்துவிட்டது. பணம் கட்டும் தேதி நெருங்கினால் மட்டும் இன்னும் கொஞ்சம் வருகிறது.


காவிரிக்கரை (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் அண்ணாவுக்கும்தான்.

அன்றைக்கு ராத்திரியே பேசிவிட்டேன். நேரில் முடியவில்லை. அவர் ஷிஃப்டில் இருக்கும்போது இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். காலையில் வந்து காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "அந்த மூணாம் நம்பர் அக்கா சூப்பர்" என்றார். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். பாப்பா மறுபடியும் தொட்டிலுக்குப் போய்விட்டாள்.

புது மருத்துவர் பஞ்சுக் குச்சியால் தையல் ஓரம் முழுக்க ஒவ்வொரு இடமாகத் தொட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்டார். கீழ்முனையில் ஒரே ஒரு புள்ளி, தொட்டதும் துள்ளிவிட்டேன். தொற்று எதுவும் இல்லை. கிரீம் எழுதிக் கொடுத்தார். பிசியோவுக்கு இதுவரை நாலு தடவை போயிருக்கிறேன். கட்டைவிரலால் தழும்பை நீவச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், ராத்திரி ஐந்து நிமிடம். சிறுநீர் இப்போது காத்திருக்காமல் வருகிறது, அதுவே எனக்கு அதிசயமாக இருக்கிறது. உறவுக்கு இன்னும் முயலவில்லை, நெய்க்கிண்ணம் அக்கா சொன்ன அதே தடை எங்களுக்கும். ஆனால் தோளில் கை வைத்தால் இப்போது தொடை சும்மா இருக்கிறது. எப்போதும் இல்லை, பாதி நாள்.

தாழ்ப்பாள் போட்டாயிற்று. மேனேஜரிடம் கேட்கவில்லை, நானே நாற்பது ரூபாய்க்கு வாங்கிக் கொண்டுபோய் அட்டெண்டர் அண்ணாவிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து டைலேட்டர். இணையத்தில்தான் வாங்க வேண்டுமாம். பார்சலை வாங்கப் போவது என் மாமனார். அக்கா, அட்டைப்பெட்டி மேல் என்ன எழுதியிருக்கும்?


நெய்க்கிண்ணம்:

எனக்கு வந்தது வெறும் பழுப்புப் பெட்டிதான், மேலே ஒன்றும் இல்லை. பில்லில் "மருத்துவ உபகரணம்" என்று இருந்தது. எங்கள் வீட்டிலும் மாமனார்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரஷர் பார்க்கும் மிஷின் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாகத் தனக்கும் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் நிஜமாகவே ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. நீ வேறு ஏதாவது சொல்.